காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகைச் செலவைக் குறைப்பது எப்படி?

பத்திரிகைச் செலவு கையைக் கடிக்கிறது, எங்கே குறைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பழைய மொய் நோட்டை எடுத்து, நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வழக்கப்படி புள்ளிக் கணக்கில், அதாவது கல்யாணமான ஒரு தம்பதியை ஒரு புள்ளியாக வைத்து, எண்ணுங்கள். புள்ளிக்கு ஒரு பத்திரிகை போதும். அதற்கு மேல் 50 சேர்த்து ஒரே தடவையில் அடித்துவிடுங்கள். ஆஃப்செட்டில் பிளேட்டும் மெஷின் செட்டிங்கும்தான் காசு. கூடுதல் 50-க்கு ஏறக்குறைய பேப்பர் விலைதான். பத்திரிகை போதவில்லையே என்று மறுபடி அச்சகத்துக்குப் போனால் அந்தக் கூலி முழுசாகத் திரும்ப விழும்.

தங்க ஃபாயில், வெல்வெட் உறை வேண்டாம். மூலையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு நேரில் வைக்கிற பத்திரிகைக்கு அது எதற்கு? (ஆச்சிகள் சண்டைக்கு வரலாம்.) சிங்கப்பூர், மலேசியா உறவுகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனிலும் அழைத்துவிடுங்கள். அப்புறம், புரூஃபில் விலாச எழுத்துகளை (பெயருக்கு முன்னால் வரும் குடும்ப இனிஷியல்களை) வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்க்கட்டும்.