கேள்வி – பதில்: சுரங்கத்தைத் தாண்டினால் பனிநாடு

கேள்வி: உயர்தரத்தில் யப்பானிய மொழியையும் ஒரு பாடமாகப் படிக்கும் என் மகள், யசுனாரி கவாபத்தாவின் நாவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த எட்வேர்ட் சைடன்ஸ்டிக்கரைப் போலத் தானும் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்கிறாள். அவர் எவ்வாறு அந்நிலைக்கு வந்தார்? அத்தொழிலை நம்பி வாழ முடியுமா?
— வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்: இக்கேள்வி உங்கள் ஊரிலிருந்து வருவதில் ஒரு பொருத்தம் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடாவின் மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்த அதே போர்தான், அமெரிக்க இளைஞர் பலரை யப்பானிய மொழியின் பக்கம் தள்ளிவிட்டது. 1921இல் கொலராடோவில் பிறந்து ஆங்கில இலக்கியம் பயின்ற சைடன்ஸ்டிக்கர், அமெரிக்கக் கடற்படை போல்டர் நகரில் நடத்திய யப்பானிய மொழிப் பள்ளியில் சேர்ந்தார். எதிரியின் ஆவணங்களை வாசிக்கவும் கைதிகளை விசாரிக்கவும் ஆட்களைத் தயார்செய்த அப்பள்ளியில் உருவானவர்களுள், பின்னாளில் யப்பானிய இலக்கிய மொழிபெயர்ப்பாளராகப் புகழ்பெற்ற டொனால்ட் கீனும் ஒருவர். போர் நடந்த யப்பானியத் தீவான இவோ ஜிமாவுக்குப் படையினரோடு சென்ற சைடன்ஸ்டிக்கர், போருக்குப் பின் தோக்கியோவில் இலக்கியம் படித்து, அங்கேயே கற்பித்து, பின்னர் ஸ்டான்போர்ட், மிச்சிகன், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது: அவருக்குச் சோறு போட்டது பெரும்பாலும் கற்பித்தல். 54 அத்தியாயங்கள் கொண்ட பழம்பெரும் யப்பானியப் புனைகதையான 'கெஞ்சியின் கதை'யை முழுமையாக மொழிபெயர்த்து 1976இல் வெளியிடப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு, மாதச் சம்பளம் இல்லாதிருந்தால் அது கைகூடியிருக்குமா என்பது ஐயமே. 1968இல் கவாபத்தாவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அதில் பாதி மொழிபெயர்ப்பாளருக்கு உரியது என்று கவாபத்தாவே சொன்னார். அத்தகைய பெருந்தன்மையை நம்பி யாரும் வீட்டு வாடகை பேச முடியாது. எனவே மகள் களனிப் பல்கலைக்கழகத்தில் யப்பானிய மொழியைத் தொடர்ந்து படித்து, விரிவுரையாளர் பதவியையோ வேறொரு நிலையான வேலையையோ கைக்கொண்டு, மொழிபெயர்ப்பை அதன் நிழலில் வளர்ப்பதே நல்லது. யப்பானுக்கு அனுப்ப வசதியில்லையே என்று கலங்க வேண்டாம். அதே கெஞ்சியை 1925க்கும் 1933க்கும் இடையில் ஆங்கிலத்தில் தந்த ஆர்தர் வேலி, யப்பான் மண்ணை மிதித்ததே இல்லை.

கேள்வி: தமிழில் நாம் வாசிக்கும் யப்பானிய நாவல்கள் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. அதில் என்ன குறை?
— வாசகர் ஒருவர், தம்பலகாமம்

பதில்: சைடன்ஸ்டிக்கர் 1956இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, கவாபத்தாவின் 'பனி நாடு' நாவலின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். மூலத்தில் அது ஏறத்தாழ, 'எல்லையின் நீண்ட சுரங்கத்தைத் தாண்டினால் பனிநாடாக இருந்தது' என்று அமைகிறது. தாண்டியது யார், எது என்ற சொல்லே அங்கில்லை. எழுவாய் இல்லாமல் நிற்காத ஆங்கிலத்துக்காக அவர் ஒரு புகையிரதத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'எல்லை' என்ற சொல்லையோ விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த ஆங்கில வாக்கியம் அழகானது. ஆனால் தமிழுக்கு அந்தப் புகையிரதம் தேவையே இல்லை. 'தம்பலகாமத்தைத் தாண்டினால் கடற்காற்று' என்று நீங்கள் சொல்லும்போது, தாண்டுவது பேருந்தா நீங்களா என்று எவரும் கேட்பதில்லை. வினைச்சொல்லை இறுதியில் வைப்பதிலும் எழுவாயைச் சொல்லாமலே உணர்த்துவதிலும் நம் மொழி யப்பானிய மொழிக்கு ஆங்கிலத்தைவிட மிக நெருக்கமாக நிற்கிறது. அப்படியிருந்தும் ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பவர் அந்தப் புகையிரதத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்ய நேர்கிறது. மூலத்தில் இருந்த எல்லை அவர் கண்ணுக்கே படுவதில்லை. மேலே கேட்ட உவர்மலை அம்மாவின் மகள் ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் நேரே தமிழுக்கு வருவாளானால், அந்த வாக்கியத்தை அவளிடமிருந்து வாசிக்கக் காத்திருக்கிறேன்.