சால்வை யாருக்கு?

(தாய்-சேய் நலத்துக்காக உழைப்பவர்களைப் பாராட்டுவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம்.)

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மகளிர் குழு நடத்துகிறோம். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் உண்மையாக உழைக்கிற ஒருவரை இந்த வருடம் மேடையேற்றிப் பாராட்டலாம் என்று முடிவு. பெயர் எழுத உட்கார்ந்தால் சண்டைதான் வருகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: சண்டை வரட்டும் அம்மா, பாராட்டத் தகுந்தவர்கள் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஆனால் ஒரு அளவுகோலை மட்டும் தயவுசெய்து தூக்கி எறியுங்கள்: யார் கணக்கில் நூற்றுக்கு நூறு ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று பார்ப்பது. பஸ் வந்து நிற்கிற ஊரில், டவுனை ஒட்டி வேலை பார்க்கிறவருக்கு நூறு சதவீதம் பெரிய விஷயமில்லை. எஸ்டேட் லைன் வீடுகளுக்கும், தார் ரோடு முடிந்த பிறகும் நடக்க வேண்டிய குக்கிராமங்களுக்கும் போகிறவருடைய நோட்டில் இரண்டு மூன்று குறை இருக்கத்தான் செய்யும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு விதி. காகிதத்தில் மலைக்குச் சலுகை மாதிரி தெரியும், ஆனால் அந்த 3,000 பேரும் எத்தனை சரிவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது அந்த நர்சம்மாவின் முழங்காலுக்குத்தான் தெரியும்.

மாநிலக் கணக்கும் இப்படித்தான். 2018-20 காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள், நாடு முழுக்க 97. 2020-இல் சிசு மரணம் ஆயிரத்துக்கு 13, நாட்டில் 28. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது சேலம் டவுன் அஸ்தம்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பெண்ணையும், மழையில் ஜீப்புக்குக் காத்திருக்கிற பெண்ணையும் சேர்த்துக் கூட்டி வகுத்த எண். உங்கள் பாராட்டு இரண்டாவது பெண்ணுக்காக ஓடுகிறவருக்குப் போக வேண்டும்.

அதனால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: திட்டத்தில் பெயர் வராத பெண்ணின் வீட்டுக்கு யார் போனார்? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய் (அதில் 14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம்), நல்ல திட்டம், ஆனால் 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது முறை கர்ப்பமானவர், 'பணம்தான் வராதே, எதற்குப் பதிவு' என்று பிக்மி நம்பரே (கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் அரசு தருகிற எண்) வாங்காமல் இருந்துவிடுவார். பதினெட்டு நிறையாத பெண் என்றால் கேஸ் ஆகிவிடுமோ என்று வீட்டில் ஆளையே மறைத்து வைப்பார்கள், ரத்தக்கொதிப்பு, ரத்தசோகை ஆபத்து அங்கேதான் அதிகம் என்பது வேறு. அந்த வீட்டில் திட்டும் வாங்கிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து பேசி, செக்கப்புக்குக் கூட்டிப் போன ஒருவர் உங்கள் ஊரில் கண்டிப்பாக இருப்பார். அவர் ஆஷாவாக (ஊரிலேயே இருக்கிற சுகாதாரத் தன்னார்வலர்) இருக்கலாம், அங்கன்வாடி ஆயாவாக இருக்கலாம், எந்தப் பதவியும் இல்லாத பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம்.

தேர்வுக் குழுவில் தலைவர்களை உட்கார வைக்காதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் குழந்தை பெற்றவர்களைத் தனித்தனியாகக் கேளுங்கள், நர்சம்மா பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்து. 'ராத்திரி வலி வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுவாய்?' என்ற ஒரு கேள்வி போதும். குழந்தையைப் பறிகொடுத்தவர்களையும் விட்டுவிட வேண்டாம், அவர்களுக்குப் பேச விருப்பம் இருந்தால் மட்டும். மேடையில் ஏற்றி அவர்கள் கதையைச் சொல்ல வைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது.

அப்புறம், சால்வை. சால்வையைப் போட்டுக்கொண்டு மலையேற முடியாது. டார்ச், நல்ல மழைக்கோட்டு, ஒரு வருடத்துக்குப் பஸ், ஜீப் செலவு, இதில் எதையாவது கொடுங்கள். தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள், அதனால் சேலம் டவுனில் பாதிப் பேருக்கு அவர்களைத் தெரியாது. நாட்டின் பத்து லட்சத்துச் சொச்சம் ஆஷாக்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே விருது கொடுத்தது. விருது வந்தது, நிரந்தர மாதச் சம்பளம் வரவில்லை. செய்கிற வேலைக்கு ஊக்கத்தொகைதான். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிற நாளில் அவர் பெயரைச் சொல்லித் தீர்மானம் போட்டுப் பாராட்டுங்கள், அதே தாளில் அவருக்கு வர வேண்டிய பாக்கி, துணை சுகாதார நிலையத்துக்குத் தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கைதட்டல் அன்றோடு போய்விடும், தீர்மானப் புத்தகம் அலுவலகத்தில் இருக்கும்.

கேள்வி: சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலைக்கு எதற்குப் பாராட்டு விழா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: ஆஷா சம்பளக்காரர் இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டோம். சம்பளம் வாங்குகிற கிராம சுகாதார செவிலியரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் ஜில்லாவின் பழைய கதையையே நினைத்துப் பாருங்கள். 1992-இல், வளர்க்க மனமில்லாத பெண் குழந்தையை அரசிடம் ஒப்படைக்கிற தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கியது சும்மா இல்லை. பிறந்தது பெண் என்று தெரிந்த வீட்டில் அடுத்த சில நாட்கள் குழந்தை பிழைக்குமா என்று பயந்து திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்த்த செவிலியர்கள், அங்கன்வாடிக்காரர்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். அதற்கு எந்தச் சம்பளப் பட்டியலில் தனிக் கட்டம் இருந்தது?

கேள்வி: என் மாமியார் எங்கள் மலை ஊரில் மருத்துவச்சி. அந்தக் காலத்தில் வீட்டிலேயே எத்தனையோ பிரசவம் பார்த்தவர். அவரைப் பாராட்டினால் வீட்டுப் பிரசவத்தை ஊக்குவித்த மாதிரி ஆகுமா?
– ஒரு மருமகள், சேலம் மாவட்டம்

பதில்: ஆகாது, எதற்காகப் பாராட்டுகிறோம் என்று தெளிவாகச் சொன்னால். கர்நாடகத்தில் பாவகடா பக்கத்து மருத்துவச்சி சூலகித்தி நரசம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி எட்டாத காலத்தில் 15,000-க்கும் மேற்பட்ட பிரசவம் பார்த்தவர் என்று. அந்தக் காலத்துக்கு அந்த மரியாதை நியாயமே. இன்றைக்கு மட்டும் கணக்கு வேறு: பிரசவத்துக்குப் பிறகு உதிரம் நிற்காமல் போனால் கையில் இருப்பது ஓரிரண்டு மணி நேரம், அதில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும். அத்தை கையில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் ரத்தம் ஏற்ற முடியாது.

அவரிடம் இருப்பது ஊரின் நம்பிக்கை. நாள் நெருங்கிய பெண்ணை முன்கூட்டியே கொண்டுபோய்த் தங்கவைக்க, மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. பெண்கள் வர மறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம், வீட்டில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டுவது என்பதுதான். (இந்தக் காரணத்தை எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை.) அத்தை துணைக்குப் போய்த் தங்கினால், அல்லது அந்த மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, உதிரம் படுவது, இதில் எது கண்டாலும் உடனே 108 என்று அவர் வாயால் சொன்னால் ஊர் கேட்கும். தாராளமாகப் பாராட்டுங்கள்.

கேள்வி: பத்ம விருதுக்கு நாங்களே ஒருவர் பெயரை அனுப்பலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், ஓமலூர்

பதில்: அனுப்பலாம். யாரும் யாரையும் ஆன்லைனில் பரிந்துரைக்கலாம், கட்சிக்காரர் சிபாரிசு தேவையில்லை. என்ன செய்தார் என்பதை ஊர் பெயர், வருடத்தோடு எழுதுங்கள், 'தன்னலமற்ற சேவை' என்று பக்கம் நிரப்ப வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் குப்பனூர் ரோட்டில் ஜீப் ஓட்டுகிறார். அவசரத்துக்குக் கர்ப்பிணிகளைக் காசு வாங்காமல் இறக்கிவிடுவார். டிரைவரையெல்லாம் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்களா?
– ஒரு தங்கை, சேலம்

பதில்: முதல் ஆளாகச் சேர்க்க வேண்டும். முதலில் 108-க்குத்தான் அடிக்க வேண்டும், அதில் மருந்தும் ஆளும் இருக்கும். வண்டி வர நேரமாகும், அல்லது சிக்னல் கிடைக்காத இடம் என்றால்தான் அண்ணன். அவருக்கு ஷீல்டு வாங்குகிற பணத்தில், ஒவ்வொரு தடவையும் டீசலை யார் போடுவது என்பதைப் பஞ்சாயத்தில் பேசி முடிவு செய்யுங்கள். இத்தனை நாள் அவர் சொந்தப் பையில் இருந்துதான் போயிருக்கிறது.