போடிக்குச் செல்லும் மண் சாலையும் வாடகை வண்டிக் காப்பீடும்

கேள்வி: சான் ஹோசேயில் வசிக்கும் நாங்கள் ஐந்து குடும்பத்தினர், ஜூலை மாதம் மூன்று எஸ்யூவி வண்டிகளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் கைவிடப்பட்ட தங்கச் சுரங்க ஊரான போடிக்குச் சென்று, அங்கிருந்து மண் பாதை வழியாகவே நெவாடா எல்லைக்குள் இருக்கும் இன்னொரு பழைய சுரங்க ஊரான அரோராவையும் பார்த்துவரத் திட்டமிட்டிருக்கிறோம். முன்பதிவு செய்த இணையதளத்திலேயே ‘முழுக் காப்பீடு’ வாங்கிவிட்டோம். வண்டிக்கு ஏதாவது ஆனால் இது போதுமா? என் மச்சானும் மாற்றி மாற்றி ஓட்டலாமா?

பதில்: போதாது. நீங்கள் வாங்கியிருப்பது வாடகை நிறுவனம் தரும் பாதுகாப்பே அல்ல. இடைத்தரகு இணையதளங்கள் ‘முழுக் காப்பீடு’ என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் பிற்பாடு பணத்தைத் திருப்பித் தரும் திட்டம். வண்டி சேதமடைந்தால் வாடகை நிறுவனம் உங்கள் கடன் அட்டையிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு பில்லையும் புகைப்படத்தையும் இணைத்து நீங்கள் வேறொரு நிறுவனத்திடம் மனுப் போட வேண்டும். அந்தத் திட்டங்களின் விதிகளில் தார் போடாத சாலை விலக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். கடன் அட்டையோடு இலவசமாக வரும் வாடகை வண்டிக் காப்பும் இதே இடத்தில் கைவிரிக்கக்கூடும்; அது அட்டைக்கு அட்டை மாறும். பணம் கட்டும் பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘முழு’ என்று போட்டுவிட்டு, விலக்குகளைப் பல பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் அச்சிடுவதை இத்தனை ஆண்டுகளாக அனுமதித்துக்கொண்டிருப்பது எனக்குத் தாங்க முடியாத எரிச்சலைத் தருகிறது.

இனி வாடகை நிறுவனத்தின் கவுன்ட்டரில் விற்கப்படும் சேதப் பொறுப்பு விலக்குக்கு வருவோம். இதை வாங்கினால் வண்டியின் சேதத்துக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் கலிஃபோர்னியச் சட்டம் சில சூழல்களில் இந்தப் பாதுகாப்பை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. அவற்றில் இரண்டு உங்கள் பயணத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை.

முதலாவது, தார் போடாத சாலை. 395-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போடிக்குச் செல்லும் 270-ஆம் எண் சாலை 13 மைல் நீளமுடையது. அதன் கடைசி 3 மைல் மண் சாலை. போடி 1962 முதல் மாநில வரலாற்றுப் பூங்காவாக இருப்பதால் சாலையும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று பலர் நம்பிச் செல்கிறார்கள். காய்ந்த கோடையில் சாதாரணக் கார்களே அங்கு செல்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அலையலையாக வரி விழுந்த அந்தச் சாலையில் ஒரு கூர்ங்கல் டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிட்டால் செலவு உங்களுடையதே.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கவுன்ட்டரில் இருப்பவர்களே இதைத் தவறாகச் சொல்வதால் விளக்கிச் சொல்கிறேன். மண் சாலையில் ஓட்டினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பாதுகாப்பு முழுவதும் ரத்தாகிவிடாது. சேதமானது அந்தச் சாலையின் அல்லது அங்கு ஓட்டிய சூழலின் நேரடி விளைவாக இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்பது சட்டம். முன்னால் செல்லும் வண்டி கிளப்பிய சரளைக் கல் பட்டுக் கண்ணாடி விரிந்தால் அது சாலையின் விளைவு. நீங்கள்தான் கட்ட வேண்டும். போடியின் வாகன நிறுத்துமிடத்தில் உங்கள் வண்டி சும்மா நிற்கும்போது இன்னொருவர் பின்பக்கமாக எடுத்து பம்பரை நசுக்கினால் அது சாலையின் விளைவு அல்ல, பாதுகாப்பு செல்லும். ‘மண் சாலைக்குப் போனீர்கள், எனவே எல்லாம் போச்சு’ என்று தொலைபேசியில் சொன்னால் ஒத்துக்கொள்ளாமல், மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். இதற்காகவே தார் முடியும் இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு பக்கமும் டயர்களும் கண்ணாடியும் தெரியும்படி நேரத்தோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து தார் ஏறும் இடத்திலும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது, எதையும் இழுப்பதும் தள்ளுவதும். குழுவாகச் செல்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். ஒரு வண்டி சேற்றிலோ மணலிலோ புதைந்தால் அடுத்த வண்டியில் கயிற்றைக் கட்டி இழுப்பது இயல்பான உதவி. அப்படி இழுத்ததில் இழுத்த வண்டியின் பின்பக்கம் பெயர்ந்தால், அந்தச் சேதத்துக்குப் பாதுகாப்பு மறுக்கப்படலாம். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் கையில் இரண்டு பில்கள் இருந்தன: புதைந்த வண்டிக்கு ஒன்று, காப்பாற்றப் போன வண்டிக்கு ஒன்று.

ஆகவே அரோராவுக்கு வாடகை எஸ்யூவியை எடுத்துச் செல்லாதீர்கள். போடியைத் தாண்டிய பாதை ஓடைக்கரையைப் பிடித்துச் செல்லும் கரடுமுரடான பாதை. பெட்ரோல் நிலையமோ கடையோ கிடையாது, கைப்பேசிச் சமிக்ஞையையும் நம்ப முடியாது. மீட்பு வண்டியை அங்கே வரவழைக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும். மண் பாதையில் ஓட்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தரும் ஜீப் வாடகைக்காரர்கள் இருக்கிறார்கள். ‘ஃபோர் வீல் டிரைவ் வண்டிதானே, எங்கே வேண்டுமானாலும் ஓட்டலாம்’ என்ற வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை. வண்டியின் திறன் வேறு, ஒப்பந்தத்தின் அனுமதி வேறு.

மச்சான் ஓட்ட வேண்டுமானால் அவர் பெயரை வண்டி எடுக்கும்போதே ஒப்பந்தத்தில் சேருங்கள். உரிமமும் வயதுத் தகுதியும் உள்ள கணவன் அல்லது மனைவிக்குக் கலிஃபோர்னியச் சட்டம் தரும் அனுமதி மற்ற உறவினருக்குக் கிடையாது. ஐந்து குடும்பத்தில் யார் யார் எந்த வண்டியை ஓட்டப்போகிறார்கள் என்பதை முதல் நாளே முடிவுசெய்து, அந்தந்த வண்டியின் ஒப்பந்தத்தில் அந்தந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று சாவியை வாங்குவதற்கு முன் படித்துப் பாருங்கள்.