கார் வராத பாதையில் பிரான்ஸ்: சைக்கிள் பயணக் கேள்வி பதில்

கே: அக்கா, ஒரு வாரம் லீவு கிடைச்சிருக்கு. கார் தொல்லை இல்லாம சைக்கிள்ல போகணும், வழியில பழைய கோட்டை ஊர்களும் பார்க்கணும். நீண்ட பயணம் இதுதான் முதல் தடவை. எங்கே போகலாம்?

ப: போர்தோவிலிருந்து துலூஸுக்குப் போங்கள். சுமார் 260 கி.மீ. ஐந்து நாள் ஓட்டம், இரண்டு நாள் ஊர் சுற்ற மிச்சம் இருக்கும்.

முதல் நாள் ரோஜே லபேபி பாதை. பழைய ரயில் தடத்தைத் தார் போட்டு சைக்கிளுக்கு விட்டிருக்கிறார்கள். லபேபி 1937 டூர் த பிரான்ஸை வென்றவர். டெரயிலர் கியரோடு, அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றிவிடும் கருவியோடு, அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஆள். ரயில் தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். க்ரெயோனில் நிறுத்தி தண்ணீர் பிடியுங்கள். அடுத்து லா சோவில் 1079இல் தொடங்கிய மடத்தின் இடிபாடுகள். மாலைக்குள் சோவ்தேர் வந்துவிடும். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1281இல் நிறுவிய ஊர். நடுவில் சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், நாலு வாசலும் இன்னும் நிற்கின்றன.

இரண்டாம் நாள் காலையில் கவனம். சோவ்தேரோடு ரயில் தடம் முடிந்துவிடும். அங்கிருந்து லா ரெயோல் பக்கம் கால்வாயைத் தொடும் வரை சுமார் 15 கி.மீ. சின்ன கிராமத்துச் சாலைதான், ஆனால் கார் வரும். இதை எந்த விளம்பரத் தாளும் பெரிதாகச் சொல்லாது.

கால்வாயைப் பிடித்ததும் கரோன் கால்வாய்க் கரையிலேயே துலூஸ் வரை. சோவ்தேர் – ல மாஸ் தாஜனே 50, அங்கிருந்து ஆஜன் 48, ஆஜன் – முவாசாக் 43, முவாசாக் – துலூஸ் 64. எல்லாம் தோராயக் கணக்கு. கடைசி நாள்தான் நீளம். கால் தளர்ந்தால் வழியிலேயே ரயில் ஏறலாம். ரயில் பாதை கால்வாயை ஒட்டியே ஓடுவதுதான் முதல் தடவை போகிறவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லக் காரணம். லா ரெயோல், மார்மாந்த், ஆஜன், முவாசாக் எல்லாவற்றிலும் ஸ்டேஷன் உண்டு.

கே: கால்வாய்க் கரை சமதரையாச்சே, மேடே இருக்காதுதானே?

ப: கரையில் இருக்காது. ஊருக்குள் போகும்போது இருக்கும். கார் இல்லாத பாதைகள் பெரும்பாலும் பழைய ரயில் தடம், இல்லையென்றால் கால்வாய்க் கரை. இரண்டும் பள்ளத்தாக்கின் அடியில்தான் போகும். ரயிலும் படகும் மேடு ஏறாது. கோட்டை ஊரை எதிரிக்குப் பயந்து குன்றின் மேல் கட்டினார்கள். ஆக, நீங்கள் பார்க்க வந்த ஊருக்கும் நீங்கள் ஓட்டும் பாதைக்கும் நடுவில் எப்போதும் ஒரு கடைசி ஏற்றம் நிற்கும். அது கார் சாலை. களைத்துப்போன சாயங்காலத்தில் வரும். பின்பக்கம் 15 கிலோ பை இருக்கும்.

ல மாஸ் தாஜனேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தேவாலயத்தில் ரெம்ப்ராண்ட் 1631இல் வரைந்த சிலுவை ஓவியம் இருக்கிறது. கால்வாயிலிருந்து குறைவான தூரம்தான், ஆனால் நல்ல ஏற்றம். ஓவிலார் அதைவிட மோசம்: வலான்ஸ் தாஜனில் கால்வாயை விட்டு, கரோன் ஆற்றைத் தாண்டி, குன்றேற வேண்டும். மேலே வட்ட வடிவ தானியச் சந்தைக் கூடம் இருக்கிறது, ஏறியதற்கு நியாயம். முவாசாக், தமசான் இரண்டும் கால்வாய் ஓரத்திலேயே இருக்கின்றன. முவாசாக் மடத்தின் உள்முற்றம் 1100இல் முடிந்தது, 76 தூண் தலைப்புகளிலும் சிற்பம். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கியரில் முன்பக்கச் சின்னச் சக்கரம் 30 பல், பின்பக்கப் பெரிய சக்கரம் 34 பல் கிடைத்தால் ஏறிவிடலாம். வாடகை சைக்கிள் என்றால் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கே: 7 வயசுப் பொண்ணோட போகலாமா? முழுக்க கார் இல்லாத பாதைதானே?

ப: முழுக்க இல்லை. மேலே சொன்ன 15 கி.மீ. துண்டை ரயிலில் தாண்டுங்கள், அதாவது போர்தோவில் ஏறி லா ரெயோலில் இறங்கி அங்கிருந்து ஓட்டுங்கள். நாளுக்கு 25 கி.மீ. போதும். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம், 2017 மார்ச் முதல் சட்டம். பூட்டுக்கதவு (படகை ஏற்றி இறக்கத் தண்ணீரை அடைக்கும் கதவு) இருக்கும் இடங்களில் கரை குறுகும், தடுப்புச் சுவர் இருக்காது, தண்ணீர் ஆழம். குழந்தை கரையின் உள்பக்கம், நீங்கள் தண்ணீர் பக்கம்.

கே: அக்கா, 1996லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த மிதி கால்வாயை விட்டுட்டு ஏன் கரோன் கால்வாயைச் சொல்றீங்க? எல்லாரும் மிதிதானே போறாங்க?

ப: புகழ் வேறு, பாதை வேறு. மிதி கால்வாயை ரிக்கே என்பவர் 1666இல் தொடங்கினார், 1681இல் முடிந்தது. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கி.மீ. பொறியியலில் கரோன் கால்வாய் அதன் பக்கத்தில் நிற்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் ஓட்டப்போவது தண்ணீரில் இல்லை. துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. நல்ல தார். மாவட்ட எல்லை தாண்டியதும் பல இடங்களில் ஒற்றையடி மண் தடம்தான், நடுவில் பிளேன் மர வேர்கள் கை மொத்தத்துக்குப் புடைத்து நிற்கும்.

கே: நான் 28 மி.மீ. டயர்லயே கார்காசோன் வரைக்கும் போனேனே, ஒண்ணும் ஆகலை. சும்மா பயமுறுத்தாதீங்க.

ப: காய்ந்த தரையில், பை இல்லாமல் போயிருப்பீர்கள். பாரம் ஏற்றினால் கதை மாறும். 28 மி.மீ. டயரில் காற்றைக் குறைத்தால் வேரில் இடிக்கும்போது ரிம் ட்யூபைக் கடிக்கும். இரண்டு ஓட்டை பக்கத்துப் பக்கத்தில் விழும். குறைக்காமல் ஓட்டினால் கை மரத்துப்போகும். மழை பெய்தாலோ களிமண் மட்கார்டுக்குள் அடைத்து சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். குச்சியால் நோண்டி எடுத்த 200 மீட்டரில் மறுபடி அடைக்கும்.

40 மி.மீ. டயர், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. 75 கிலோ ஆள், 15 கிலோ பை என்றால் காற்றழுத்தம் பின்னால் 50, முன்னால் 40 பி.எஸ்.ஐ. மழை பெய்த மறுநாள் காஸ்தெல்நோதரியிலிருந்து கார்காசோனுக்கு ரயில் பிடியுங்கள்.

கே: அவர் சொல்றது சரிதான் அக்கா, சில இடத்துல சீர் பண்ணிட்டாங்க. நிழலும் மிதியிலதான் அதிகம்.

ப: சீர் செய்தது துண்டு துண்டாக. நடுவில் மிஞ்சியிருக்கும் மோசமான 5 கி.மீ.தான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். நிழல் விஷயமும் மாறிவிட்டது. 2006இல் அந்தக் கால்வாயின் பிளேன் மரங்களில் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் வெட்டி அங்கேயே எரிக்கிறார்கள். மொத்தம் சுமார் 42,000 மரங்கள், ஆயிரக்கணக்கில் போய்விட்டன. புதிய கன்றுகள் நிழல் தரப் பல வருடம் ஆகும். ஜூலையில் அங்கே போகிறவர்கள் மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நோய் வெட்டுக்காயம் வழியாகவும் மரத்துக்குள் போகிறது. அதனால் சைக்கிளை மரத்தோடு சங்கிலியால் இறுக்காதீர்கள், ஊஞ்சல் படுக்கைக்கு ஆணி அடிக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

கே: அப்போ மிதி பக்கம் போகவே கூடாதா?

ப: துலூஸிலிருந்து நோரூஸ் வரை போங்கள், கட்டாயம். தார் விட்டு இரண்டொரு கி.மீ.தான். 189 மீட்டர் உயரத்தில் கால்வாயின் உச்சி அதுதான். கறுப்பு மலையிலிருந்து ரிக்கே ஓடை வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் அட்லாண்டிக்குக்கும் மறுபக்கம் மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. கால்வாயின் மூளை அந்த இடம். ஓத்தான் காற்று தென்கிழக்கிலிருந்து அடித்தால் போகும்போது எதிர்க்காற்று; மணிக்கு 12 கி.மீ. கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். மிதி விவாதம் போதும், மற்றவர்களும் கேட்கட்டும்.

கே: லுவார் நதிப் பாதை முழுக்க கார் இல்லாததா?

ப: இல்லை. பல பகுதிகள் சின்ன கார் சாலைகள்.

கே: டிஜிவி அதிவேக ரயில்ல சைக்கிளை எப்படிக் கொண்டுபோறது?

ப: கழற்றாமல் ஏற்ற எல்லா டிஜிவியிலும் இடம் கிடையாது, இருப்பதில் முன்பதிவு வேண்டும். கழற்றிப் பையில் போட்டால் எதிலும் போகலாம். செயினை பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் போடுங்கள், டெரயிலர் உள்ளே ஒதுங்கும். பெடல்களைக் கழற்றுங்கள், இடது பெடல் எதிர்த் திருகு. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் கழற்றியதும் பேட்களுக்கு நடுவே ஒரு அட்டையைச் செருகுங்கள். மறந்து லிவரை அழுத்தினால் பேட் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. பையை வலது பக்கம் கீழே படும்படி வைக்காதீர்கள்: டெரயிலர் ஹேங்கர் (டெரயிலரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன உலோகத் துண்டு) வளைந்தால், முதல் ஏற்றத்தில் கடைசி கியர் போடும்போது செயின் ஸ்போக்குக்குள் பாயும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு. கிராமத்துக் கடையில் கிடைக்காது, உங்கள் மாடலுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: சாப்பாடு வழியில கிடைக்கும்தானே?

ப: மதியம் 12 முதல் 2 வரை, சில ஊர்களில் 3 வரை கடை மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கிராமங்களில் ஒன்றுமே திறக்காது. சனிக்கிழமையே இரண்டு நாளுக்கு வாங்குங்கள். தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டக் குழாய் இருக்கும். ‘நோன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

கே: மேடு ஏறாம, கார் சாலையும் தொடாம பார்க்கிற மாதிரி ஊர் உண்டா?

ப: நல்ல கேள்வி. பிரித்தானியில் நாந்த்–ப்ரெஸ்ட் கால்வாயில் ஜோஸ்லான். கோட்டைக் கோபுரங்கள் கரைக்கு நேர் மேலே நிற்கும், சைக்கிளில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்க்கலாம். பர்கண்டியில் ஜிவ்ரி–க்ளூனி, 44 கி.மீ., பிரான்ஸின் முதல் பச்சைப் பாதை (கார் வராத பாதைக்கு அங்கே வைத்திருக்கும் பெயர்), 1997. க்ளூனி மடம் 910இல் நிறுவப்பட்டது, ஊரே பாதை ஓரத்தில். ஆனால் அதே பாதையில் ப்ரான்சியோன் கோட்டைக்கு ஆசைப்பட்டால் மறுபடி குன்றுதான்.

கே: குழந்தையோட போகலாமா? கார் வராதுதானே?

ப: மேலே இரண்டு முறை எழுதியாகிவிட்டது. படித்துவிட்டு வாருங்கள்.

கே: ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு ஓட்டலாமா?

ப: 2015 ஜூலை முதல் தடை.

கே: டிசம்பர்ல க்ளூனியிலிருந்து மாக்கோன் போக முடியுமா அக்கா?

ப: நடுவில் புவா க்லேர் சுரங்கம், 1.6 கி.மீ., பழைய ரயில் சுரங்கம். குளிர்காலத்தில் வௌவால்களுக்காக மூடிவிடுவார்கள். மாற்று வழி மேட்டின் மேல் ஏறிப் போகும். டிசம்பரில் சீக்கிரம் இருட்டும். ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டினால் ஒளிரும் மேலங்கி சட்டப்படி வேண்டும். காலையிலேயே கிளம்பி மதியத்துக்குள் மேட்டைத் தாண்டுங்கள்.