சோலார் வாட்ச்தானே, பத்து நாளில் சார்ஜ் தீர்ந்துவிடுகிறதே?

கேள்வி: பாலக்கோட்டில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் கார்மின் இன்ஸ்டிங்ட் 2 சோலார் வாட்ச் ஒன்று வாங்கினேன். தினமும் காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம் ஓடுவேன். ஞாயிறு மட்டும் ஓட்டம் இல்லை, வத்தல்மலை, தீர்த்தமலை என்று ஐந்து மணி நேரம் வரை நடை. சார்ஜரே வேண்டாம், வெயில் போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பத்து நாளைக்கு மேல் தாங்கவில்லை. மதியம் மொட்டை மாடியில் வைத்தும் பார்த்தேன், ஏறவே இல்லை. வாட்ச் பழுதா? காட்டுக்குள் போகும்போது இதை நம்பலாமா?

பதில்: பழுதில்லை. நீங்கள் ஓடுகிற அளவுக்குப் பத்து நாள் தாங்குகிறது என்றால் பேட்டரி நன்றாகவே இருக்கிறது, செகண்ட் ஹேண்டில் அது அதிர்ஷ்டம்தான். உங்களிடம் விற்றவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை, பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் மொண்டால் ஊற்று ஊறி ஈடுகட்டிவிடும். மோட்டார் போட்டு இறைத்தால் ஊற்று என்ன செய்யும்? இந்த வாட்சில் சோலார்தான் ஊற்று, ஓடும்போது இடத்தையும் தூரத்தையும் குறிக்கிற ஜிபிஎஸ்தான் மோட்டார். மணி பார்ப்பது, அடி எண்ணுவது, போன் மெசேஜ் காட்டுவது எல்லாம் குடத்துக் கணக்கு.

கம்பெனி போட்டிருக்கும் கணக்கையே எடுத்துப் பார்க்கலாம். உங்கள் மாடலுக்கு ஜிபிஎஸ் போடாமல் சும்மா கட்டியிருந்தால் 28 நாள், சோலாரோடு 'அன்லிமிடெட்'. ஆனால் அந்த அன்லிமிடெட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தினமும் 3 மணி நேரம் 50,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சம் வாட்ச் மேல் விழ வேண்டும். நல்ல வெயில் நேராக அடித்தால் ஒரு லட்சம் லக்ஸ் வரைக்கும் வரும், ஆனால் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் சில நூறு லக்ஸ்தான், டியூப்லைட் வெளிச்சம் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஜிபிஎஸ் ஓடிக்கொண்டே இருந்தால் 30 மணி நேரம், அதே 50,000 லக்ஸ் தொடர்ந்து கிடைத்தால் 48 மணி நேரம்.

இதை வகுத்துப் பாருங்கள். ஜிபிஎஸ் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3.3 சதவீதம் தின்கிறது. வெயில் இருந்தால் அது 2.1 ஆகக் குறைகிறது. அப்படியானால் வெயில் தருவது மணிக்கு ஒன்றேகால் சதவீதம் போல. சும்மா கட்டியிருக்கும்போது ஒரு நாள் முழுக்கச் செலவாவதும் மூன்றரை சதவீதம்தான், மூன்று மணி நேர வெயில் அதைச் சரியாக ஈடுகட்டிவிடும், அன்லிமிடெட் என்ற சொல் வந்தது இப்படித்தான். ஆனால் நீங்கள் ஒரு மணி நேரம் ஓடினாலே ஒரு நாள் செலவு கூடுதலாகப் போகிறது, அதுவும் ஓடுவது விடியற்காலை இருட்டில். வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், ஞாயிறு ஐந்து மணி நேரம், ஆக ஜிபிஎஸ் மட்டும் 11 மணி நேரம், 37 சதவீதம். மற்ற செலவு ஒரு 24. வாரத்துக்கு 60 சதவீதம் காலி, பதினொரு நாளில் மொத்தமும் காலி. உங்கள் பத்து நாளுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லையே?

அதனால் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடுகிற நேரத்தில் கேபிளில் போட்டுவிடுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்தது மொட்டை மாடி. நானும் முதல் மாதம் இதே வேலையைச் செய்தவன்தான், சித்திரை வெயிலில் கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டு ஊறுகாய்க்குக் காவல் இருப்பது மாதிரி போய்ப் போய்ப் பார்த்தேன். மேலே சொன்ன கணக்குப்படி மூன்று மணி நேரம் வைத்தாலும் நாலு சதவீதத்துக்குள்தான், ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், உள்ளே சூடு ஒரு அளவைத் தாண்டினால் வாட்ச் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சோலார் சார்ஜையே நிறுத்திவிடும். நம்ம பக்கம் மே மாத மதியத்தில் சிமெண்ட் தரையில் கறுப்பு வாட்சை வைத்தால் வேறென்ன நடக்கும்? கேபிளில் போடுவதற்கும் 45 டிகிரிதான் எல்லை. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது, கார் டாஷ்போர்டில் வைப்பதும் அதே தப்பு, அங்கே கண்ணாடி வேறு கொஞ்சம் வெளிச்சத்தைத் தடுத்துவிடும். கையில் கட்டிக்கொண்டு காலை 8 மணியிலிருந்து 10 மணி வரை தோட்டத்திலோ பைக்கிலோ இருப்பது மேல். பைக் ஹேண்டிலைப் பிடித்திருக்கும்போது வாட்ச் வானத்தைப் பார்த்துதான் இருக்கும். முழுக்கை சட்டை போட்டிருந்தால் மடித்துவிட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் ஒன்று கேட்கிறேன்: முன்னாடி வைத்திருந்தவர் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டியிருக்கிறாரா? இருந்தால் கழற்றிப் பாருங்கள். வெளிச்சம் வாங்குகிற படலம் வாட்ச் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது, மேலே ஒட்டுகிற ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வியர்வை உப்பு, சன்ஸ்கிரீன், நம்ம கிரானைட் தூசி எல்லாம் படிந்திருக்கும், ஓடிவிட்டு வந்ததும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். அப்புறம், ராத்திரி தூங்கும்போது ரத்த ஆக்சிஜன் அளக்கிற வசதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பேட்டரியைக் கரைப்பதில் ஜிபிஎஸ்ஸுக்கு அடுத்த ஆள் அதுதான்.

இப்போது மலைக்கு வருவோம். பாறைச் சரிவுகளில் செயற்கைக்கோள் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வாட்சுக்கு வரும், அதனால் நீங்கள் போகாத இடத்தில் கோடு போகும், தூரமும் கூடிக் குறையும். பாலக்கோடு ரோட்டில் ஓட ஜிபிஎஸ் மட்டும் போதும். ஒகேனக்கல் மாதிரி இரண்டு பக்கமும் பாறை நிற்கிற இடங்களில் ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ மாதிரி மற்ற நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பையும் சேர்த்து எடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள், சார்ஜ் கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை. அல்ட்ராட்ராக் என்று ஒரு சிக்கன முறை இருக்கிறது. இடைவெளி விட்டு விட்டுத்தான் இடத்தைக் குறிக்கும், கொண்டை ஊசி வளைவை நேர்க்கோடாக வெட்டிவிடும், மலைக்கு அது வேண்டாம். அடிவாரத்தில் இறங்கியதுமே ஸ்டார்ட் பட்டனை அழுத்தாதீர்கள், திறந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று சிக்னல் பிடித்த பிறகு கிளம்புங்கள். முந்தின நாளே போனோடு ஒரு முறை இணைத்துவிட்டால் செயற்கைக்கோள் இருப்பிடக் கணிப்பு ஏறியிருக்கும், சீக்கிரம் பிடிக்கும்.

காட்டில் நம்பலாமா என்றால், வந்த வழியே திரும்ப நம்பலாம். ட்ராக்பேக் போட்டால் நடந்து வந்த கோட்டைத் திருப்பிக் காட்டும், எனக்கு இந்த வாட்சிலேயே மிகப் பிடித்தது அதுதான். ஆனால் இந்த மாடலில் வரைபடம் கிடையாது, வெறும் கோடு மட்டும், ஓடை எங்கே பள்ளம் எங்கே என்று அதற்குத் தெரியாது. விழுந்தால் வீட்டுக்குத் தகவல் போகும் என்பதும் பக்கத்தில் போன் இருந்து, அதில் டவர் இருந்தால்தான். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கக் காடுகளில் யானை உண்டு, காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமே 2014-ல் அந்தப் பக்கம்தான் அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள், வாட்சில் யாரோ ஏற்றிக் கொடுத்த பாதை இருக்கிறது என்பது அனுமதி ஆகாது.

டவர் இல்லையென்றால் செயற்கைக்கோள் வழியே மெசேஜ் அனுப்புகிற கருவி வாங்கலாமா என்று உங்களுக்கு அடுத்துத் தோன்றும். ஜிபிஎஸ் வாட்ச் செயற்கைக்கோளிடமிருந்து சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யும், அதனால் அதைக் கட்டிக்கொள்வதில் சிக்கல் இல்லை. இன்ரீச் போன்ற கருவிகள் அனுப்பவும் செய்யும், அவற்றை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடித்துக் கைது செய்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மச்சான் வாங்கி வரட்டுமா என்று கேட்டால், சாக்லேட் போதும் என்று சொல்லிவிடுங்கள்.