கைகால் சொன்னபடி கேட்காத வயது

என் 13 வயது மகன் நடந்தால் கதவில் இடிக்கிறான், உட்கார்ந்தால் தண்ணீரைத் தட்டிவிடுகிறான். திட்டினால் அழுகிறான். – வாசகி, அம்மாபேட்டை

திட்டாதீர்கள் அம்மா, அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பையன்கள் 13, 14 வயதில் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. வரை வளர்வார்கள். பாதமும் கைகால்களும் முதலில் நீளும், உடம்பு பிறகுதான். கை எதுவரை எட்டும் என்று மூளை வைத்திருந்த கணக்கு பழசாகிவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும் தசையோடு நிற்பதில்லை, மூளைக்குள்ளும் போகிறது. கையை அசைக்கும்போது மூளையில் எழும் மின்துடிப்புகள் மாறுவதற்கும் இந்த ஹார்மோன் அளவுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நன்றாகத் தூங்கட்டும், தினமும் விளையாடட்டும்.

வயதுக்கு வந்த பெண்ணை வாலிபாலுக்கு அனுப்பக் கூடாது என்கிறார் மாமியார். – வாசகி, அஸ்தம்பட்டி

தாராளமாக அனுப்புங்கள். எலும்பு பலம் சேர்வதே இந்த வயதில்தான். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காமல் இறங்கக் கோச் சொல்லித்தரட்டும். இந்த வயதிலிருந்து முட்டித் தசைநார் கிழிவது பெண்பிள்ளைகளுக்கே அதிகம்.

என் 15 வயது மகளுக்குக் காலையில் கை வெடுக்கென்று உதறுகிறது. நேற்று காபி டம்ளர் தெறித்துப் போனது. பரீட்சை பயமா? – வாசகர், ஏற்காடு

பயம், ஹார்மோன் என்று விட்டுவிடாதீர்கள். தூங்கி எழுந்த கொஞ்ச நேரத்தில், நினைவு தப்பாமலே, கையோ தோளோ தூக்கிப்போட்டால் அது இளம்பருவ வலிப்பின் தொடக்கமாக இருக்கலாம். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தலைகாட்டும். கண்விழித்துப் படித்த மறுநாள் காலை அதிகமாகும். பிள்ளைகள் வெளியே சொல்ல மாட்டார்கள், வீட்டிலும் கவனக்குறைவு என்று ஏசுவார்கள். முழு வலிப்பு வந்த பிறகுதான் பலர் டாக்டர்களான எங்களிடம் கூட்டிவருகிறார்கள். அந்தத் தாமதம்தான் எனக்கு வருத்தம்.

அடுத்த முறை உதறினால் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போடாமல் சேலம் வந்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் போகலாம். மூளையின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் மாத்திரையிலேயே அடங்கிவிடும், ஆனால் பல வருடம் விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தை எழுதிக்கொடுத்தால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள், பிற்காலத்தில் கருவைப் பாதிக்கக்கூடியது அது. உதறல் அடங்கும்வரை அடுப்பு வேலை, கிணற்றடி, ஸ்கூட்டர் வேண்டாம். இரவு 10 மணிக்குப் படுக்கச் சொல்லுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்காது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஹார்மோன் டெஸ்ட் எடுக்கணுமா? – வாசகர், செவ்வாய்ப்பேட்டை

தேவையில்லை. பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்போ, பையனுக்கு 9 வயதுக்கு முன்போ பருவ மாற்றம் தெரிந்தாலோ, பெண்ணுக்கு 13, பையனுக்கு 14 வயதாகியும் எதுவுமே தொடங்காவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.