பால் பழுதில்லை, பழம்தான் முற்றவில்லை

கேள்வி: ரீச்சர், சித்திரை லீவுக்குப் பிள்ளைகளுக்கு மாம்பழப் பால் அடித்துக் கொடுத்தேன். மேசையில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாகப் பிரிந்துவிட்டது. அதே பழத்தில் ஐஸ்கிறீம் வைத்தேன். கடித்தால் வெறும் ஐஸ் துண்டு. சந்தையில் நல்ல மஞ்சளாகப் பார்த்துத்தான் பழம் வாங்கினேன். பால்காரர் ஏமாற்றுகிறாரா? இன்னும் ஆறு பழம் கிடக்கிறது, அதை என்ன செய்யலாம்? (கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி)

பதில்: பால்காரரை விட்டுவிடுங்கள் தங்கச்சி. அவர் பாலில் தண்ணீர் கலந்திருந்தாலும் அது இப்படித் திரியாது. உங்களுடைய இரண்டு பிரச்சினைக்கும் காரணம் ஒன்றுதான்: நீங்கள் வாங்கியது மஞ்சள் தோல் போர்த்திய மாங்காய்.

பால் ஓரளவு புளிப்பைத்தான் தாங்கும். அந்த அளவைத் தாண்டினால் அதிலுள்ள புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் புளிப்பு குறைவு, ஆகவே குளிர்ந்த பாலோடு பேசாமல் சேர்ந்துவிடும். முற்றாத காயில் புளிப்பு அப்படியே நிற்கும். ஐஸ்கிறீமுக்கும் இதே கதைதான். மாங்காய் முற்ற முற்ற உள்ளே மாப்பொருள் சேரும், பழுக்கும்போது அதுதான் சீனியாக மாறும். சீனி இருந்தால் உறைந்தாலும் கரண்டி இறங்கும். பிஞ்சில் பறித்த காயில் மாப்பொருளே சரியாகச் சேர்ந்திருக்காது, பிறகு எதைச் சீனியாக்குவது? புளித்தண்ணீரை உறைய வைத்தால் ஐஸ்கட்டிதான் வரும்.

சித்திரையில் சந்தைக்கு வரும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை நான் நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பூத்ததில் இருந்து காய் முற்ற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். யாழ்ப்பாணத்து மாமரம் தாராளமாகக் காய்த்து இறங்குவது வைகாசிக் கடைசி தொடக்கம் ஆடி வரை. அதற்கு முன்பே இங்கே திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகச் சந்தையிலும் குவிந்து கிடக்கும் மஞ்சள் எங்கிருந்து வந்தது?

மரத்தில் இருந்துதான் வந்தது, ஆனால் நேரத்துக்கு முன்பே. எங்கள் ஊரில் வளவு மாமரத்தைக் குத்தகைக்கு விடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மரம் பூத்து நிற்கும்போதே வியாபாரி வந்து அண்ணாந்து பார்த்து ஒரு விலை சொல்வார். வீட்டுக்காரரும் “காற்றடித்தால் கொட்டிவிடும், வந்த காசு வரட்டும்” என்று கொடுத்துவிடுவார். அதன் பிறகு எப்போது பறிப்பது என்பது வியாபாரியின் இஷ்டம். முதல் பழத்துக்குச் சந்தையில் விலை கூட. ஆகவே தோள் நிரம்பாத, முற்றாத காயையே கொக்கத்தடி போட்டு இழுத்து, பெட்டியில் அடுக்கி, நடுவில் காபைட் பொட்டலம் வைத்து மூடிவிடுகிறார்கள். வெல்டிங் கடையில் பாவிக்கிற அதே காபைட்தான். ஈரம் பட்டதும் அதிலிருந்து அசற்றிலீன் வாயு கிளம்பும். ஒன்றிரண்டு நாளில் தோல் மஞ்சள் ஆகிவிடும், உள்ளே காய் காயாகவே இருக்கும். இது தொழிற்சாலைச் சரக்கு என்பதால் ஆசனிக், பொசுபரசுக் கழிவுகளும் கொஞ்சம் சேர்ந்தே வரும். பழத்தின் பக்கத்திலேயே போகக்கூடாத பொருள்.

பழமே தானாக வெளியிடுவது எதிலீன் என்ற வேறு வாயு. அதை அளவோடு கொடுத்துப் பழுக்க வைக்கும் அறைகள் பல நாடுகளில் உண்டு. அப்படிச் செய்தாலும் முற்றின காய்தான் பழமாகும், பிஞ்சு பழமாகாது. இதை நம்முடைய தரகர்களுக்கு யார் சொல்வது? விவசாயியிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, இந்த ஒரு பாடம் மட்டும் ஏறாது. பரிசோதனைக்கு வருகிறவர்களும் திருவிழாக் காலத்தில் ஒருமுறை வருவார்கள், நாலு பெட்டியைக் கொட்டி அழிப்பார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த கிழமை அதே லொறி அதே இடத்தில் நிற்கும். பழத்தைக் கொட்டுகிறார்களே தவிர, இந்தப் பெட்டி எந்த வளவில் இருந்து வந்தது, யார் பறித்தது என்று பின்னால் போய்ப் பார்க்க ஒருவரும் இல்லை. ஒரு பெட்டியில் ஒரு துண்டு எழுதி ஒட்டச் சொல்ல எவ்வளவு காலம் வேண்டும்?

சரி, அவர்கள் திருந்தும் வரைக்கும் நாம் மாம்பழப் பால் குடிக்காமல் இருக்க முடியாது. பழம் பார்க்கப் பழகுவோம்.

மஞ்சளைப் பார்த்து வாங்காதீர்கள். கறுத்தக்கொழும்பான் என்ற பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. நன்றாகப் பழுத்தாலும் அதன் தோல் முழுக்க மஞ்சளாகாது. கரும்பச்சை ஓரளவு நிற்கும், அங்கங்கே மங்கல் மஞ்சள் இழையோடும். அம்பலவியும் ஏறக்குறைய அப்படித்தான், நீளவாக்காகப் பச்சையாகவே படுத்திருக்கும், வெட்டினால் உள்ளே செம்மஞ்சளாக மின்னும். வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வருகிறவர்கள் இந்தப் பச்சைப் பழத்தைத் தள்ளிவிட்டு, பக்கத்தில் பொன்னாக மின்னும் பொய்ப் பழத்தைக் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் வயிறெரியும். வெள்ளைக்கொழும்பான் வேறு, அது வெளிறிய மஞ்சளாகத்தான் பழுக்கும். விலாட்டும் நிறம் மாறும். ஆகவே ‘பச்சை என்றால் காய்’ என்ற சட்டம் விலாட்டுக்குப் பொருந்தும், கறுத்தக்கொழும்பானுக்குப் பொருந்தாது. ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் முழுவதும் ஒரே சீராக, ஒரு பொட்டுப் பச்சை இல்லாமல் மஞ்சளாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். மரத்தில் விளைந்தது ஒன்றும் அப்படி ஒரே சாயத்தில் தோய்த்த மாதிரிப் பழுக்காது.

நிறத்தை விட்டால் பார்க்க வேண்டியது தோள். காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் உயர்ந்து, காம்படி கொஞ்சம் குழிந்திருந்தால் காய் முற்றித்தான் பறித்திருக்கிறது. தோள் சரிந்து, காம்பு உச்சியில் துருத்திக்கொண்டு நின்றால் பிஞ்சு. பிறகு காம்படியை மணந்து பாருங்கள். பழ மணம் வர வேண்டும். மணமே இல்லாத மஞ்சள் பழம் என்றால் சந்தேகம்தான். உள்ளி மணம் போல் ஏதாவது அடித்தால், அல்லது சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தால், வியாபாரியோடு பேசிக்கொண்டு நிற்காமல் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாளித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் காபைட் பழம் என்று கைபேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பாதி உண்மை. முற்றின காய் தாழும், முற்றாதது மிதக்கும். தண்ணீர் சொல்வது முற்றலா பிஞ்சா என்பதை மட்டும்தான். முற்றின காய்க்குக் காபைட் போட்டாலும் அது தாழத்தான் செய்யும். ஆனால் உங்கள் பால் திரியாமல் இருப்பதற்கு இந்தச் சோதனை போதும்.

இன்னும் நல்லது, காயாக வாங்கி வீட்டில் பழுக்கப் போடுவது. தெரிந்த வளவில் முற்றின காய் கேளுங்கள், காம்பில் ஒரு விரல்கடை விட்டுப் பறிக்கச் சொல்லுங்கள். கொண்டுவந்ததும் காம்பை ஒடித்துக் கவிழ்த்து வைத்தால் மாம்பால் வடிந்துவிடும். அந்தப் பால் தோலில் காய்ந்து கிடந்தால் பழத்தில் கறுப்பு விழும், பிள்ளைகளின் வாயும் வெந்துபோகும். கழுவித் துடைத்து, வைக்கோலிலோ கடதாசியிலோ ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கி, காற்றுப் போகிற அறையில் வையுங்கள். அவசரம் என்றால் பழுத்த வாழைப்பழம் இரண்டை உள்ளே வைத்து மூடுங்கள், அதிலிருந்து வரும் எதிலீன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பழுக்கிற வரைக்கும் பிறிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். குளிர் பட்ட காய் பிறகு ஒழுங்காகப் பழுக்காது, தோல் கறுத்துச் சுருங்கும். பழுத்த பிறகு வைக்கலாம்.

இப்போது உங்கள் மாம்பழப் பால். பழக்கூழில் ஒரு சொட்டை முதலில் நாக்கில் வையுங்கள். பல் கூசினால் அதில் பாலைத் தொடாதீர்கள். கூசாவிட்டால், ஒரு கோப்பைக் கூழுக்கு ஒன்றரைக் கோப்பை காய்ச்சி ஆற்றிக் குளிரவைத்த பால். சீனியையும் பாலையும் முதலில் அடித்து, கூழைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்று மட்டும் விடுங்கள். வெதுவெதுப்பான பாலில் பழத்தைப் போடுவதுதான் பலர் செய்கிற பிழை. சூடு இருந்தால் கொஞ்சப் புளிப்பே போதும், திரிந்துவிடும். அடித்ததை வைத்திராமல் உடனே குடித்துவிட வேண்டும். புளிப்புப் பழம்தான் கையில் இருக்கிறது என்றால் பாலுக்குப் பதில் தயிர் போடுங்கள். தயிர் ஏற்கெனவே உறைந்த பால்தானே, இனித் திரிய என்ன இருக்கிறது? சீனி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு ஏலக்காய். கடையில் விற்கிற மாம்பழ யோகட்டை விட நன்றாக இருக்கும்.

ஐஸ்கிறீமுக்கு மூன்று கோப்பை கூழை எடுத்து, அடிப்பிடிக்காமல் கிளறி, இரண்டு கோப்பை ஆகும் வரை வற்ற வையுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாம்பழத்தில் பெரும் பங்கு தண்ணீர், அது போனால்தான் ஐஸ் கட்டாது. நன்றாக ஆறிய பிறகு ஒரு ரின்பால், அடித்த கிறீம் ஒரு கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை. ஆழமான பாத்திரத்தில் ஊற்றாமல் தட்டையான தட்டில் ஊற்றுங்கள், சீக்கிரம் உறைந்தால் ஐஸ் மணி சிறிதாகவே இருக்கும். ஓரம் உறைந்ததும் வெளியே எடுத்துக் கரண்டியால் அடித்து மறுபடி வையுங்கள். இன்னொரு தரமும் அப்படிச் செய்யலாம். கரண்ட் போய் உருகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். அன்றைக்கே பாயாசமாகக் குடித்துவிடுங்கள், அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி மாம்பழக் கடற்பாசி ஜெலி பற்றி வரும் என்று தெரியும். கடற்பாசியைத் தனித் தண்ணீரில் முழுக்கக் கரையும் வரை கொதிக்க வைத்து, இறக்கிய பிறகு கூழைக் கலக்குங்கள். புளிப்புப் பழத்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் உறையாது.

வீதியோரத்தில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று போத்தலில் விற்கிற மாம்பழக் கோடியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறம் கண்ணைப் பறிக்கும், மணம் இரண்டு வீடு தாண்டி வரும், பழம் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. கடைப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளத்தை இலங்கையில் 2016இல் கட்டாயமாக்கினார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. அது சீனியைத்தான் சொல்லும், பழத்தைச் சொல்லாது. லேபிளே இல்லாத போத்தலில் அதுவும் இல்லை. காசு கொடுத்து எசன்ஸ் வாங்க வேண்டுமென்றால் சின்னப் போத்தலாகத் தனியாகவே வாங்கலாம், மலிவு.

கடைசியாக அந்த ஆறு பழம். ஒன்றை வெட்டிப் பாருங்கள். தோலுக்குக் கீழே மட்டும் மஞ்சளாகவும், கொட்டையைச் சுற்றி வெள்ளையாகவும் இருந்தால் காய் பிஞ்சுதான். நான் சொன்ன உள்ளி மணமோ தூளோ இருந்தால் ஆறையும் எறிந்துவிடுங்கள், மாட்டுக்கும் போட வேண்டாம். அப்படி ஒன்றும் இல்லை, வெறும் புளிப்புத்தான் என்றால், ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைத் தடிப்பாகச் சீவி எறிந்துவிட்டு, சதையைத் துண்டாக்கி அவித்து மசித்து வடித்தெடுங்கள். சர்க்கரையும் கொஞ்சம் இஞ்சியும் உப்பும் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால் வெயிலுக்கு நல்ல மாங்காய்ச் சாறு. பிள்ளைகள் பால் கேட்டு அழுதால் வைகாசி முடியட்டும் என்று சொல்லுங்கள். அதற்குள் உங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் குத்தகைக்கு விடாத மரம் நிற்கிறது என்று விசாரித்து வையுங்கள்.